கீசர் தொட்டி ஓட்டையாகும் முன் இந்தக் கம்பியைப் பாருங்கள்

குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் கடலோர வீடுகளில் கிணற்றுத் தண்ணீரோ போர் தண்ணீரோ உப்புக் கரிக்கிறதா? அப்படியானால் கீசரில் முதலில் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் ஆனோடு ராடு. பெரும்பாலும் மெக்னீசியக் கம்பி. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க இது தன்னைக் கரைத்துக்கொள்ளும். முழுதும் கரைந்துவிட்டால் அடுத்து அரிப்பது தொட்டியைத்தான். தொட்டி ஓட்டையானால் அநேகமாகப் புது கீசர்தான். கம்பியின் விலை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சர்வீஸுக்கு வருகிறவர்களில் சிலர் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் படிந்த சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். "ஆனோடைக் கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடலாம். உப்புத் தண்ணீருக்கு வருடம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

அப்புறம், சூட்டைக் கூட்டிக் குறைக்க முடிகிற மாடலானால் 60 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சூடு ஏற ஏறச் சுண்ணாம்பு வேகமாகப் படியும். நம்ம ஊர் வெயிலுக்கு அதற்கு மேல் யாருக்கு வேண்டும்?

தண்ணீர் சூடாகும்போது சேஃப்டி வால்வில் ஓரிரு சொட்டு விழுவது சகஜம். ஒழுகுகிறதே என்று அதை அடைத்துவிடாதீர்கள், அழுத்தம் வெளியேற வழியில்லாமல் தொட்டி வெடிக்கலாம்.