கடைசி 30 கிலோமீட்டர்: ஒதுக்குப்புறக் கடலோரக் கிராமத்துக்கு வண்டியில் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வெப்பமண்டலக் கடலோரத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் கிராமத்துக்குப் போகும்போது, முதல் 200 கிலோமீட்டர் பெரும்பாலும் தொல்லை தராது. தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்குகிறதே, அந்தக் கடைசி 30 கிலோமீட்டர்தான் ஆளைச் சோதிக்கும். ஆனால் அங்கே மாட்டிக்கொள்கிறவர்களில் பலர், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிய நேரத்திலேயே தவறு செய்துவிட்டவர்கள்.

பயணத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுவதுதான் அந்தத் தவறு. போனில் இருக்கும் வரைபடம் 40 நிமிடம் என்று காட்டும். மழை அரித்த மண்பாதையில் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அப்படியானால் இரண்டு மணி நேரம். போதாக்குறைக்கு இருட்டும் சீக்கிரம் வந்துவிடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நேர்குத்தாக இறங்குவதால் அந்தி நீளாது. மறைந்த அரை மணி நேரத்தில் கும்மிருட்டு. எந்த மாதத்தில் போனாலும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதனால் பிற்பகல் 2 மணிக்கெல்லாம் மண்பாதையில் இருக்கும்படி கிளம்புங்கள். முடியாவிட்டால் தார்ச்சாலை ஓரத்து ஊரிலேயே இரவு தங்கிவிட்டு விடியற்காலையில் போங்கள். இருட்டில் குழியும் தெரியாது, பாதையில் படுத்திருக்கும் மாடும் தெரியாது.

வழி கேட்பதிலும் ஒரு தவறு உண்டு. "இந்தப் பாதையில் போகலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "போகலாம்" என்றுதான் பதில் வரும். சொல்கிறவர் பைக்கில் போகிறவராக இருப்பார். அவருக்கு அது உண்மைதான். "கடைசியாக எப்போது கார் போனது? இதே மாதிரி தாழ்வான காரா? அதற்கப்புறம் மழை பெய்ததா?" என்று கேளுங்கள். இந்த மூன்று பதில்கள் கிடைத்தால் பாதையைப் பற்றி ஓரளவு முழுதாகவே தெரிந்துவிடும்.

அப்புறம் தண்ணீர். பாலம் இல்லாத ஓடை, மேலே தண்ணீர் ஓடும் தரைப்பாலம், இரண்டையும் பார்த்ததும் "முழங்கால் அளவுகூட இல்லையே" என்று இறங்கிவிடுகிறார்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். 60 சென்டிமீட்டர் என்றால் பெரிய வண்டிகளையும் இழுத்துக்கொண்டு போகும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம். மலைப்பக்கம் பெய்த மழை கொஞ்ச நேரம் கழித்து வந்து சேரும். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ, மட்டம் ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டு கரையிலேயே நில்லுங்கள். குறுகிய ஓடை என்றால் சில மணி நேரத்தில் வடிந்துவிடக்கூடும். நடந்து போய் ஆழம் பார்ப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் முதலை உள்ள கழிமுகத்தில் அதைச் செய்யவே கூடாது. அங்கே உள்ளூர் வண்டி ஒன்று கடப்பதைப் பார்த்துவிட்டுப் போவதுதான் வழி. நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். உள்ளே போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, இன்ஜினே உடைந்துபோகும்.

இனி மணல். ஒருமுறை நாங்கள் கடற்கரையை ஒட்டியே கிராமத்துக்குப் போய்விடலாம் என்று வண்டியை இறக்கினோம். ஈரமணல் கெட்டியாக, சிமென்ட் தரை மாதிரி இருந்தது. அலைக்கு விலகி மேலே ஏறியதும் முன்சக்கரம் புதைந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டியது. கடல் ஏறிக்கொண்டே வந்தது. டயருக்கு இரண்டு கை தூரத்தில் நுரை வந்து நின்றபோதுதான் காற்றைக் குறைக்க வேண்டும் என்று தோன்றியது. வழக்கமாக 30 முதல் 35 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றை 20 அளவுக்கு இறக்கியதும் டயர் பரந்து மணலைப் பிடித்தது. சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மணலைக் கையால் அள்ளிவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுத்தோம். புதைந்ததும் முதலில் செய்யவேண்டியது இதுதான்: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது. கெட்டிச் சாலைக்கு வந்ததும் காற்றை மறுபடி நிரப்பாமல் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும், அதனால் 12 வோல்ட்டில் ஓடும் சின்னக் காற்றடிக்கும் கருவி கையில் இருக்கட்டும்.

கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்க்காமல் போனது எங்கள் தவறு. பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நேற்று காலை 8 மணிக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் இன்று 8.50 வாக்கில் ஏறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இன்னும் மேலே வரும். மணலில் காய்ந்த பாசியும் கிளிஞ்சலும் ஒரு கோடாகக் கிடக்கும். கடைசி ஏற்றத்தில் தண்ணீர் வந்து நின்ற இடம் அது. அந்தக் கோட்டுக்குக் கடல் பக்கமாக வண்டியை நிறுத்தாதீர்கள். தென்னை மரத்தடியிலும் வேண்டாம்.

பாதை இருக்கும்போது கடற்கரையில் ஓட்டவே வேண்டாம் என்பது இப்போது என் எண்ணம். ஆமைகள் முட்டையிடும் கரைகளில் மணலுக்கு அடியில் கூடுகள் இருப்பது மேலே தெரியாது. பொரித்து வரும் குஞ்சுகள் டயர் தடத்துக்குள் விழுந்தால் ஏறமுடியாமல் அதற்குள்ளேயே ஊர்ந்து, நண்டுக்கும் பறவைக்கும் இரையாகின்றன. ஹெட்லைட் வெளிச்சமும் அவற்றைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும்.

மற்றவை சின்னச் சின்னவை. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவையுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். பாதி டேங்க் காலியானதும் பெட்ரோல் போடுங்கள், ஏனென்றால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் போகும்போது எரிபொருள் வேகமாகக் குறையும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அடி அகலப் பலகை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் மணலில் ஜாக்கிதான் கீழே இறங்கும், வண்டி ஏறாது. ரொக்கப் பணம், குடிதண்ணீர், கொசுவலை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இவற்றையெல்லாம் அங்கே போய்த் தேட வேண்டாம். திரும்பி வந்த அன்றே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள், உப்பு ஒட்டிய இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.