இரண்டு குழாய்க்கிணறுகளுக்கு நடுவிலுள்ள பாறையை ரேடார் அலையால் அளப்பது

ஒரு துளையில் அனுப்பும் அன்டெனா, மற்றத் துளையில் வாங்கும் அன்டெனா. இரண்டையும் ஒரே ஆழத்தில் இறக்கி, அலை கடக்க எடுக்கும் நேரத்தை அளக்க வேண்டும். காற்றில் அலை ஒரு நானோசெக்கனில் 0.3 மீற்றர் ஓடும். வவுனியாப் பக்கத்து நைஸ் கருங்கல்லில் ஏறத்தாழ 2.4 மடங்கு மெதுவாகும். பூநகரி, மன்னார்க் கரையோரச் சுண்ணாம்புக்கல் நுண்துளையே இல்லாத கல்லென்றால் 2.73 மடங்கு; 28 பாகை வெப்பத் தண்ணீரில் 8.8 மடங்கு. அலை பிந்தப் பிந்த, பாறைக்குள் தண்ணீர் கூட.

முதலில் கிணற்றுத் தண்ணீரை ஈசி மீற்றரால் (தண்ணீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவி) பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு நுண்துளையுள்ள, களியில்லாத சுண்ணாம்புக்கல்லில் 1000 மைக்ரோசீமன்ஸ் தண்ணீர் என்றால் 6 மீற்றருக்கு அலை 10 டெசிபெல் அளவில் தேயும். 5000 என்றால் 50. உவர் ஏறிய கரையோரக் கிணற்றில் இந்த வேலையைத் தொடங்காமல் விடுவதே நல்லது. களி இருந்தால் இன்னும் மோசம்.

கைப்பம்பியின் குழாய், தண்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிவிசி கேசிங் பரவாயில்லை, இரும்புக் கேசிங்குக்குள் ஒன்றும் தெரியாது. அன்டெனாவுக்கு ஒளியிழைக் கேபிள்தான் சரி. செப்புக் கம்பி என்றால் அலை பாறையை விட்டுக் கம்பி வழியே ஓடி, பதிவைக் குழப்பும்.

துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்குத் தூரத்தை நாடாவால் அளவுங்கள். 5 முதல் 10 மீற்றர் வசதி. மேலே அளந்தது கீழே அப்படியே இருக்காது: ஒரு பாகை சாய்ந்த துளை 40 மீற்றர் ஆழத்தில் 70 சென்ரிமீற்றர் விலகிவிடும். அதனால் சாய்வுமானியும் இறக்க வேண்டும். 6 மீற்றரில் 10 சென்ரிமீற்றர் பிழை, நைஸில் 0.6 வீத நுண்துளையைப் பொய்யாகக் காட்டும். அந்தக் கல்லின் மொத்த நுண்துளையே பல இடங்களில் அவ்வளவுதான்!

அன்டெனாக்களைத் தரைக்கு மேலே, தெரிந்த தூரத்தில் காற்றில் பிடித்துச் சுழிநேரத்தை, அதாவது அலை புறப்படும் கணத்தை, குறியுங்கள். வேலை முடிந்ததும் மறுபடியும் குறியுங்கள், மின்கலம் இறங்க இறங்க அது நகரும். பிறகு 100 மெகாஹேர்ட்ஸ் அன்டெனாவை 25 சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை நிறுத்தி அளவுங்கள். மேல் இரண்டு மூன்று மீற்றரைக் கணக்கில் எடுக்காதீர்கள். அங்கே அலை நிலத்துக்கு மேலால் சுற்றி வந்து முந்திவிடும்.

கணக்கு இப்படி: 6 மீற்றர் இடைவெளிச் சுண்ணாம்புக்கல்லில் 79 நானோசெக்கன் எடுத்தால், 79 × 0.3 ÷ 6 = 3.95 மடங்கு. (3.95 − 2.73) ÷ (8.8 − 2.73) = 0.20, அதாவது 20 வீத நுண்துளை. தண்ணீருக்கு 8.8க்குப் பதிலாகப் பலரும் 9 போடுவார்கள். அது குளிர்நாட்டுத் தண்ணீரின் கணக்கு. நீர்மட்டத்துக்கு மேலே இந்தக் கணக்கு பொருந்தாது. காற்று நிறைந்த பொந்தில் அலை வேகமாகப் போக, கல் இறுக்கம் என்று தவறாகத் தெரியும்.

தண்ணீர் இருப்பது வேறு, ஊறி வருவது வேறு. வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடுகின்றனவா என்பதை இறைத்துப் பார்த்தால்தான் சொல்லலாம்.

மெல்லிய ஈரப் படையை இந்த முறை சில வேளை தவறவிடும். முதலில் வந்து சேரும் அலை, மேலும் கீழும் உள்ள இறுகிய கல்லுக்குள்ளால் வளைந்து வந்ததாக இருக்கலாம். சந்தேகமான ஆழத்தில் ஒரு அன்டெனாவை நிறுத்தி, மற்றதை இரண்டு மீற்றர் மேலிருந்து இரண்டு மீற்றர் கீழ் வரை நகர்த்திச் சாய்வாகவும் அளவுங்கள். அலையின் வீச்சு சட்டென்று குறையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.