பாம்புக்கடி: கேஷுவல்டியில் முதல் ஒரு மணி நேரம்

முதல்முறை இரவுப் பணியில் நிற்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் இது. அடித்த பாம்பைப் பையில் போட்டுக் கொண்டு வருவார்கள். அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஏ.எஸ்.வி. என்ற ஒரே விஷமுறிவு மருந்துதான். விஷம் ஏறியிருக்கிறதா என்பதை நோயாளியின் உடம்பில் தேடுங்கள்.

முதலில் மூச்சு, நாடி, பி.பி. பாருங்கள். கடிபடாத கையில் ஐ.வி. லைன் போடுங்கள். காலில் கயிறு இறுகக் கட்டியிருந்தால் சட்டென்று அவிழ்க்கக் கூடாது. கீழே தேங்கிய விஷம் மொத்தமாக மேலே ஏறும். லைனும் ஆக்ஸிஜனும் மருந்தும் தயாரான பிறகு மெல்லத் தளர்த்துங்கள்.

அடுத்தது 20 நிமிட ரத்தப் பரிசோதனை. புதிய, உலர்ந்த கண்ணாடி டெஸ்ட் ட்யூபில் 2 மி.லி. ரத்தம் எடுத்து நிறுத்தி வையுங்கள். 20 நிமிடம் யாரும் தொடக் கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்க்கவும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீராக வழிந்தால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் விஷம் வேலை செய்கிறது.

இந்த எளிய சோதனையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ரத்தம் உறைவதைத் தூண்டுவது கண்ணாடிச் சுவர். பிளாஸ்டிக் ட்யூபிலும், சோப்புப் போட்டுக் கழுவிய ட்யூபிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் நிற்கலாம். விஷமே ஏறாதவருக்கு மருந்து போய்விடும். சந்தேகமிருந்தால் நலமாக உள்ள ஒருவரின் ரத்தத்தை அதே வகை ட்யூபில் பக்கத்தில் வையுங்கள். முதல்முறை உறைந்துவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். 3 மணி நேரம் வரை அரை மணிக்கொருமுறை, பிறகு மணிக்கொருமுறை திரும்பப் பாருங்கள். 24 மணி நேரம் வார்டில் இருக்கட்டும். ரத்தம் உறையாதவருக்கு டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசியை இப்போது போட வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டும்.

ட்யூப் நிற்கும் நேரத்தில், விஷம் நரம்பைத் தாக்கியிருக்கிறதா என்று கண்ணைப் பாருங்கள். மேலே பார்க்கச் சொன்னால் இமை தொங்குகிறதா? எச்சில் விழுங்க முடிகிறதா? ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். 30 வரை எண்ணியவர் அடுத்த முறை 15இல் நின்றால், மூச்சுக்குச் செயற்கைக் குழாய் போட ஆள் கூப்பிடுங்கள். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தியோடு வந்தால் கட்டுவிரியனை நினையுங்கள். கடித்தடமே தெரியாது, அல்சர் என்று ஊசி போட்டு அனுப்பிவிடும் ஆபத்து உண்டு.

ரத்தம் உறையவில்லை, அல்லது இமை தொங்குகிறது என்றால் 10 குப்பி ஏ.எஸ்.வி. ஒவ்வொன்றிலும் 10 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் விட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். பெரியவருக்கு 250 மி.லி. சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுங்கள். குழந்தைக்கும் அதே 10 குப்பிதான். ஆள் சின்னது என்று பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை. சலைனை மட்டும் எடைக்கேற்பக் குறையுங்கள். ஒவ்வாமை பார்க்கும் டெஸ்ட் டோஸ் வேண்டாம்.

டிரிப் தொடங்கும் முன்பே சிரிஞ்சில் அட்ரினலின் ஏற்றி வையுங்கள். அரிப்பு, தடிப்பு, இளைப்பு, பி.பி. இறக்கம் தென்பட்டால் டிரிப்பை நிறுத்தி, 1:1000 அட்ரினலின் 0.5 மி.லி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுங்கள். குழந்தைக்குக் கிலோவுக்கு 0.01 மி.லி. அவில் என்ற அலர்ஜி ஊசி இதற்குப் பிறகுதான். அடங்கியதும் மெதுவாக மீண்டும் தொடங்க வேண்டும். பயந்து மருந்தையே கைவிடக் கூடாது.

6 மணி நேரம் கழித்து மறுபடி ட்யூப் சோதனை. கல்லீரல் உறைபொருளைத் திரும்ப உருவாக்க அவ்வளவு நேரம் ஆகும். அப்போதும் உறையாவிட்டால் இன்னும் 5 முதல் 10 குப்பி.

இமை தொங்கும் பெரியவருக்குக் கூடவே அட்ரோபின் 0.6 மி.கி., அதன்பின் நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. கொடுத்துப் பாருங்கள். நல்லபாம்பு என்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கண் திறக்கும். கட்டுவிரியனுக்கு இது பலிக்காது, வென்டிலேட்டர்தான் காப்பாற்றும். அப்படிப் படுத்திருப்பவரின் கண்மணி விரிந்து அசையாமல் இருக்கலாம், கை கால் துவண்டு கிடக்கலாம். மூளைச்சாவு என்று முடிவு கட்டாதீர்கள். கட்டில் பக்கத்தில் பேசுவது அவருக்குக் கேட்கும்.