உணரி வலையமைப்பில் தரவு எப்போது தாவ வேண்டும்? கொத்துவழி அனுப்புதலைப் பைத்தானில் செய்து பார்த்தல்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஹைன்செல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட லீச் நெறிமுறை, உணரிக் கணுக்களை (சூழலை அளந்து தரவைக் கம்பியின்றி அனுப்பும், பேட்டரியில் இயங்கும் சிறு கருவிகள்) கொத்துகளாகப் பிரித்து, கொத்தின் தரவைத் திரட்டி அனுப்பும் தலைமைப் பொறுப்பைச் சுழற்சி முறையில் மாற்றிக்கொடுத்தது. ஆனால் அதில் ஒவ்வொரு தலைமைக் கணுவும், எல்லாத் தரவும் வந்துசேரும் அடிநிலையத்துக்கு நேரடியாகவே அனுப்பியதால், தொலைவில் இருந்தவற்றின் பேட்டரி விரைவில் தீர்ந்தது. தரவைத் தலைமைக் கணுக்களுக்கிடையே தாவவிட்டால் இதைத் தவிர்க்கலாம். எனினும், எல்லாத் தாவலும் சிக்கனமல்ல என்பதால் கணக்கிட்டே முடிவுசெய்ய வேண்டும்.

படி 1: களம். 200 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் 100 கணுக்களை எழுமாறாகத் தூவி, ஒவ்வொன்றுக்கும் 0.5 ஜூல் ஆற்றல் கொடுங்கள். அடிநிலையம் ஒரு பக்கத்திலிருந்து 50 மீட்டர் வெளியே இருக்கட்டும்.

படி 2: ஆற்றல் கணக்கு. இதுவே எல்லாவற்றுக்கும் அடித்தளம், அவசரப்படாதீர்கள். பலரும் பயன்படுத்தும் மாதிரியில், ஒரு பிட்டை அனுப்பவும் பெறவும் மின்சுற்றுக்குத் தலா 50 நானோஜூல் செலவாகும். அனுப்பும்போது பெருக்கிக்குத் தனிச் செலவு உண்டு: தொலைவு சுமார் 87 மீட்டருக்குள் இருந்தால் தொலைவின் வர்க்கத்தை 10 பைக்கோஜூலாலும், அதைத் தாண்டினால் நான்காம் அடுக்கை 0.0013 பைக்கோஜூலாலும் பெருக்க வேண்டும். 200 மீட்டருக்கு நேரடியாக அனுப்பினால் பிட்டுக்கு 2,130 நானோஜூல் ஆகும். நடுவில் ஒரு கணு வாங்கி அனுப்பினால் மொத்தம் 410 மட்டுமே. அதே தாவலை 40 மீட்டரில் செய்தால், 66-இல் முடியவேண்டியது 158 ஆகிவிடும்.

படி 3: தலைமைத் தேர்வு. தலைமையைத் தேர்ந்து தரவை அனுப்பி முடிப்பது ஒரு சுற்று. ஒரு சுற்றில் தலைமை ஏற்க வேண்டிய கணுக்களின் பங்கான 0.05-ஐ, 1 − 0.05 × (சுற்று எண்ணை 20-ஆல் வகுத்த மீதி) என்பதால் வகுத்து வரும் எண்ணைவிடக் குறைந்த எழுமாற்று எண் (0-க்கும் 1-க்கும் இடையில்) கிடைத்த கணு தலைமை ஏற்கும். அந்த 20 சுற்றுகளுக்குள் ஏற்கெனவே தலைமை வகித்தது கலந்துகொள்ளாது. எக்கணுவும் தேர்வாகாத சுற்று அரிதாக வரும். அப்போது எல்லாக் கணுக்களையும் நேரடியாக அனுப்பவிடுங்கள், இல்லையெனில் நிரல் அந்த இடத்தில் நின்றுவிடும்.

படி 4: மற்ற கணுக்கள் மிக அருகிலுள்ள தலைமைக் கணுவிடம் 4,000 பிட் பாக்கெட்டைக் கொடுக்கும். அது அவற்றைத் திரட்டி ஒரே பாக்கெட்டாக்கும்; திரட்டலுக்கு, சேரும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் பிட்டுக்கு 5 நானோஜூல் கழியுங்கள்.

படி 5: பாதை. தலைமைக் கணுக்களை அடிநிலையத்துக்கு அருகிலிருந்து தொலைவு வரை வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரடிச் செலவையும், தன்னைவிட அடிநிலையத்துக்கு அருகிலுள்ள ஒன்றுக்கு அனுப்பும் செலவு, அது பெறும் செலவு, அங்கிருந்து ஏற்கெனவே கணக்கிட்ட செலவு ஆகியவற்றின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டுக் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். அருகிலுள்ளதற்கு மட்டுமே அனுப்புவதால், பாக்கெட் ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்காது.

படி 6: முதல் கணு எந்தச் சுற்றில் இறக்கிறது என்று குறித்து, தாவலில்லாத ஓட்டத்துடன் ஒப்பிடுங்கள், ஒரே ஓட்டத்தை நம்பாமல் பல ஓட்டங்களின் சராசரியைப் பாருங்கள். அடிநிலையத்துக்கு அருகிலுள்ளவை முதலில் இறந்தால், பிறர் சுமையையும் அவையே தாங்குகின்றன என்று பொருள். அப்போது படி 5-இல் இடைக்கணுவின் செலவை அதன் மீதமுள்ள ஆற்றலுக்கும் தொடக்க ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தால் வகுத்து, மீண்டும் ஓட்டிப் பாருங்கள்.