‘ஷாப் வித் எ காப்’: காவலரோடு குழந்தைகளைக் கடைக்கு அனுப்பும் நிகழ்ச்சியை நடத்துவது எப்படி?

வசதி குறைந்த வீட்டுக் குழந்தை ஒன்றோடு காவலர் ஒருவரை இணைத்து, குறிப்பிட்ட தொகையோடு கிறிஸ்துமஸுக்கு முன் கடைக்கு அனுப்பும் ‘ஷாப் வித் எ காப்’ நிகழ்ச்சி அமெரிக்காவின் பல ஊர்களில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. இதற்கென்று ஒரே தலைமையகம் கிடையாது. ஓரிடத்தில் நகரக் காவல்துறை நடத்துகிறது, இன்னோரிடத்தில் ஷெரிஃப் அலுவலகம், வேறோரிடத்தில் 1915இல் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கப்பட்ட ஃப்ரட்டர்னல் ஆர்டர் ஆஃப் போலீஸ் சங்கத்தின் உள்ளூர்க் கிளை. மரைன் ரிசர்வ் படையினர் 1947இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’ போன்ற பொம்மை சேகரிப்பில் பொருளைப் பெரியவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்; இங்கே குழந்தையே தேர்ந்தெடுக்கிறது. ஏற்பாட்டாளர்கள் எந்த முடிவை எடுத்தாலும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே எடுக்க வேண்டும்.

தமிழ்ச் சங்கமோ நண்பர் குழுவோ இதில் இறங்க விரும்பினால், புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு முன், ஊரில் ஏற்கெனவே நடக்கிறதா என்று விசாரிப்பதே முதல் வேலை. காவல் நிலையத்தின் அவசரமில்லா எண்ணில் அழைத்து, சமூகத் தொடர்பைக் கவனிக்கும் அதிகாரியைக் கேட்டால் போதும் (அவசர உதவிக்கான 911 இதற்கான எண் அன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை). நடக்கிறது என்றால் பணமும் ஆள்பலமும் கொடுத்து அதில் சேர்ந்துகொள்வதே நல்லது. ஒரே ஊரில் இரண்டு குழுக்கள் ஒரே கடைக்காரரிடம் நன்கொடைக்கு நிற்பது இரண்டு பேருக்குமே இழப்பு.

செப்டம்பரிலேயே பணத்துக்கான வேலை தொடங்க வேண்டும். நன்கொடை செல்லும் கணக்கு 501(சி)(3) தகுதியுள்ள, அதாவது நன்கொடையாளர் வரிக்கழிவு கோரக்கூடிய அறக்கொடை அமைப்பினுடையதா என்பதை அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் இணையதளத்தின் தேடல் பக்கத்தில் சரிபாருங்கள். காவலர் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் அந்தத் தகுதி இருப்பதில்லை. 250 டாலர் அல்லது அதற்கு மேல் கொடுப்பவர் வரிக்கழிவு கோர எழுத்துமூலமான ஒப்புகை தேவை. அதற்கு ஈடாகப் பொருளோ சேவையோ வழங்கப்பட்டதா என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும். வால்மார்ட்டின் உள்ளூர் மானியம் 250 முதல் 5,000 டாலர் வரை கிடைக்கும். காவல்துறை போன்ற அரசு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். காவலர் பெயரைச் சொல்லித் தொலைபேசியில் பணம் பறிக்கும் மோசடிகள் பற்றி மத்திய வர்த்தக ஆணையம் எச்சரித்திருப்பதால், நீங்கள் நன்கொடை கேட்கும்போது தொலைபேசியை நம்பாமல் கடிதத்தோடு நேரில் செல்வதே மரியாதை.

குழந்தைகளைத் தேர்வு செய்வதுதான் இந்த ஏற்பாட்டில் மிகவும் நுட்பமான பகுதி. ‘இலவச மதிய உணவு பெறும் மாணவர்களின் பட்டியலைக் கொடுங்கள்’ என்று பள்ளியிடம் கேட்கக் கூடாது. அந்தத் தகவல் சட்டப்படி இரகசியமானது. மாணவர் விவரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி வெளியாரிடம் கொடுப்பதையும் மாணவர் ஆவணங்களின் தனியுரிமையைக் காக்கும் 1974ஆம் ஆண்டின் ஃபெர்ப்பா சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஆகவே எதிர்த்திசையில் செல்லுங்கள்: விண்ணப்பப் படிவங்களைப் பள்ளி ஆலோசகரிடம் கொடுத்துவிட்டால், தேவை உள்ள வீடு எது என்று அறிந்த அவரே பெற்றோரிடம் தனியாகப் பேசி, விருப்பமுள்ளவர்களின் படிவத்தை நிரப்பச் செய்து அனுப்புவார். படிவத்தில் குழந்தையின் சட்டை அளவு, காலணி அளவு, ஒவ்வாமை, உடன்பிறந்தோர் விவரம், புகைப்படத்துக்குச் சம்மதம் ஆகியவை இருந்தால் போதும். குடியேற்ற நிலை பற்றிய கேள்வி அதில் இருக்கவே கூடாது, இருந்தால் மிகவும் தேவைப்படுகிற வீடுகளே முதலில் ஒதுங்கிக்கொள்ளும். புகைப்படத்துக்கு மறுப்பவர் பெயர் நீக்கப்படாது என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

சில குழந்தைகள் சீருடையை முதன்முதலில் பார்த்தது, தங்கள் வீட்டில் ஒருவரைக் கைது செய்த இரவிலாக இருக்கலாம். ஆலோசகர் இதை முன்கூட்டியே குறிப்பாக உணர்த்தினால், அந்தக் குழந்தைக்குப் பொறுமையான ஒருவரை இணைக்கலாம். அவர் நின்றபடி கைகுலுக்காமல் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து பெயர் கேட்கட்டும். சைரன் ஒலிக்க ஊர்வலமாகக் கடைக்குச் செல்வது பல ஊர்களில் வழக்கமாக இருந்தாலும், அதைக் கட்டாயமாக்காமல் விடுவது நல்லது என்பது என் கருத்து. பணி அழைப்பு வந்தால் காவலர் பாதியில் கிளம்ப நேரிடும் என்பதால், பணியில் இல்லாத சிலரை மாற்றாக நிறுத்தி வையுங்கள். தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்ப்பதும், எவரும் குழந்தையோடு தனியாக இராமல் பார்த்துக்கொள்வதும் பேரத்துக்கு இடமில்லாத விதிகள்.

நிகழ்ச்சியை டிசம்பரின் முதல் அல்லது இரண்டாம் சனிக்கிழமை, கூட்டம் சேருமுன் காலையில் வைத்துக்கொண்டு, கடை மேலாளரிடம் இரண்டு பில் கவுண்டர்களைத் தனியே கேட்டு வாங்குங்கள். ஒரு குழந்தைக்கு 150 டாலர் என்று வைத்தால், பாதியைக் குளிர்கால மேலங்கிக்கும் காலணிக்கும் ஒதுக்குவது நல்ல வழக்கம், ஆனால் அதைச் சட்டமாக்க வேண்டாம். விற்பனை வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் பெரும்பாலான ஆடைகளுக்கு அந்த வரி இல்லை. வேறு பல மாநிலங்களில் உண்டு. வரிவிலக்குச் சான்றிதழ் இருந்தால் அது அந்தக் கடையில் செல்லுமா என்று முன்னரே கேளுங்கள், இல்லாவிட்டால் வரிக்கென்று சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். கவுண்டரில் தொகை மீறி, ஆசையாக எடுத்த பொம்மையைக் குழந்தை தன் கையாலேயே திருப்பி வைக்கும்படி விடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

கடைக்குள் காவலரின் வேலை கூட்டல் போடுவதும் வண்டி தள்ளுவதும் மட்டுமே. குழந்தை பொம்மை வரிசையைத் தாண்டிப் போய் அம்மாவுக்கு ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை எடுத்து வண்டியில் வைத்து, தம்பியின் அளவு தெரியாமல் விழிப்பது இந்த நிகழ்ச்சியில் வழக்கமாகக் காண்பதுதான்; உடன்பிறந்தோர் விவரத்தைப் படிவத்தில் கேட்கச் சொன்னதற்குக் காரணமும் இதுவே. ‘உனக்கென்று ஏதாவது எடுத்துக்கொள்’ என்று ஒருமுறை சொல்லலாம், மறுத்தால் விட்டுவிட வேண்டும். பொம்மைத் துப்பாக்கி, வயதுக்கு மீறிய வீடியோ கேம் போன்ற விலக்குகள் இருந்தால், அவற்றை அன்று கடையில் வைத்துச் சொல்லாமல், பெற்றோருக்கு முன்னரே எழுதித் தெரிவியுங்கள்.

வாங்கியவற்றைப் பொதியும் மேசையில் ஒவ்வொரு பைக்கும் குழந்தைக்குரிய வரிசை எண்ணை ஒட்டி, அளவு பொருந்தாவிட்டால் மாற்றுவதற்கு விலை தெரியாத பரிசு ரசீதைப் பைக்குள் வைக்க வேண்டும். பெற்றோருக்கு வாங்கிய பரிசுகளை முதலில் பொதிந்துவிட்டால், அழைத்துப்போக வரும்போது அவர்கள் கண்ணில் அவை படாது. குழந்தைகளின் தொகையைப் பரிசு அட்டைகளாகக் கொடுத்திருந்தால், அவற்றில் மிஞ்சும் சில்லறைத் தொகைகளை அன்றே ஒன்றுசேர்த்துக் கணக்கில் எழுதி, மூல ரசீதுகளோடு பொருளாளரிடம் ஒப்படையுங்கள். நன்கொடையாளருக்கான ஒப்புகைக் கடிதங்களை ஜனவரிக்குள் அனுப்பிவிட்டால், வரிக்கணக்கு எழுதும்போது எவரும் உங்களைத் தேடி அலைய வேண்டியிராது.