மாரியில் அளக்கணும், கச்சானில் கட்டணும்: திருகோணமலைக் கட்டுமானங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலைபேறான உட்கட்டமைப்பு என்றதும் நம்மவர்களுக்குச் சூரியத் தகடுதான் நினைவுக்கு வரும். அதில் பிழையில்லை. சம்பூரில் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, இப்போது அங்கே சூரிய மின்நிலையம் வருகிறது. நான் பேச வந்தது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. மதகு, கான் என்கிற மழைநீர் வடிகால், கொங்கிறீட் ஒழுங்கை, சின்னப் பாலம், இவ்வளவுதான். ஐம்பது வருஷம் நிற்க வேண்டிய மதகு ஐந்தாவது மாரியில் போய்விட்டால், அதற்குப் போட்ட சீமெந்தையும் ஆற்று மணலையும் டீசலையும் இன்னொரு முறை போட வேண்டும். இந்த அளவு வேலைகளில் சூழலுக்கு நாம் செய்யும் பெரிய கேடு அதுதான். பச்சை பெயின்ற் அடித்து அதை மறைக்க முடியாது.

பணத்தின் காலமும் மழையின் காலமும்

திருகோணமலையில் வருஷத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை வெயிலும், தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றும்தான். கொழும்பில் குடையோடு திரியும் மே, ஜூனில் இங்கே கிணற்றுக்குள் வாளி தரை தட்டும்.

பணம் வருவது வேறு கணக்கில். வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில். ஒதுக்கீடு கீழே இறங்கி வர மார்ச், ஏப்ரல் ஆகிவிடும். நடுவில் புத்தாண்டு லீவு. பிறகு மதிப்பீடு, ஒப்புதல், டெண்டர், ஒப்பந்தம். நல்ல வெயில் மாதங்கள் முழுக்கக் கோப்பு மேசைக்கு மேசை நடக்கும். செப்டெம்பர் கடைசியில் ஒருவழியாக ஜேசிபி இறங்கும்போது வானம் கறுக்கத் தொடங்கியிருக்கும். டிசம்பர் 31க்குள் பில் போடாவிட்டால் காசு திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில், தண்ணீர் ஊறும் குழிக்குள் பம்பை வைத்து இறைத்துக்கொண்டே அத்திவாரம் போடுவார்கள். அந்த வேலையின் ஆயுள் அன்றைக்கே பாதியாகிவிடுகிறது.

இதற்கு மருந்து இருக்கிறது, கொஞ்சம் முன்யோசனைதான் வேண்டும். அளவெடுப்பும் வரைபடமும் காசை எதிர்பார்த்து நிற்கத் தேவையில்லை. அவற்றை முந்தைய மாரியிலேயே செய்யுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்பதை டிசம்பரில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். ஜூலையில் காய்ந்த தரையைப் பார்த்துப் போடும் வரைபடத்தில் அது விழாது. அனுமதிகளுக்கும் ஜனவரியிலேயே எழுதிவிடுங்கள். உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம் என்பது சட்டம். கடல் சூழ்ந்த நம்முடைய நகரத்தில் பாதி வேலை அதற்குள்தான் வரும். தொல்பொருள் திணைக்களத்தையும் மறக்க வேண்டாம்.

வாய்க்காலில் வேலை என்றால் இன்னொரு நாட்காட்டியும் சேர்ந்துகொள்ளும். சிறுபோகம் அறுவடை முடியும்வரை வாய்க்காலை மறிக்க விடமாட்டார்கள், பெரும்போகம் விதைப்புக்கு முதல் திறந்துவிட வேண்டும். நடுவில் கிடைப்பது சில வாரங்கள். அந்த வாரங்களைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளாமல், அலுவலகத்தில் இருந்தபடி வேலை அட்டவணை கீறுவது வீண் வேலை.

இவ்வளவும் தவறிப்போய் மழை வந்தேவிட்டது என்றால்? ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு புதிய அத்திவாரக் குழி தோண்டாதீர்கள். கான் மூடிகள், ஓரக்கற்கள், கம்பி வெட்டி வளைப்பது போன்ற கொட்டகைக்குள் செய்யக்கூடியதைச் செய்து அதற்குப் பில் போடுங்கள், மிச்சத்தை அடுத்த வருஷத் தொடர்வேலையாக எழுதி அனுப்புங்கள். மேலே இருப்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

தண்ணீர் போகும் வழி

தம்பலகாமம் பக்கம் ஒரு வயல் வீதிக்கு மதகு போட வேண்டியிருந்தது. வரைபடத்தில் இரண்டு 600 மில்லிமீற்றர் ஹியூம் பைப் (கொங்கிறீட் குழாய்), வீதி தாழ்ந்திருக்கும் இடத்தில். அப்போது நான் வேலைக்குப் புதுசு. வரம்பில் நின்ற ஒரு ஐயா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க கட்டுற இடத்தில தண்ணி நிக்கும். ஓடாது. ஓடுறது அந்த மருதமரத்துக்கு அங்கால." சரி ஐயா என்று தலையாட்டிவிட்டு வரைபடத்தில் இருந்த இடத்திலேயே கட்டினோம். அந்த வருஷ மாரியில் மதகு அப்படியே நின்றது, ஒரு கீறல்கூட இல்லை. மருதமரத்துக்குப் பக்கத்தில் வீதிதான் இருபதடி நீளத்துக்குக் காணாமல் போனது.

இடத்தோடு அளவும் பிழை. 600 பைப் இரண்டு போட்டால் போதும் என்பது கையில் கிடைக்கும் பைப்பை வைத்துச் செய்யும் கணக்கு. 900 மில்லிமீற்றர் பைப் ஒன்றின் வாய் 600 பைப்பின் வாயைப் போல இரண்டேகால் மடங்கு. அதாவது இரண்டை விட ஒன்றே கூடுதலாகக் கடத்தும். மழையோடு வரும் கிளையும் சல்வீனியா என்ற நீர்க்களையும் அதில் சுலபமாகச் சிக்காது, ஒரு ஆள் உள்ளே தவழ்ந்து போய்த் துப்புரவாக்கவும் முடியும்.

இருபத்தைந்து ஆண்டு வெள்ளம் என்ற சொல்லும் ஆளை ஏமாற்றும். போன வருஷம் வந்துவிட்டது, இனி இருபத்துநாலு வருஷம் பயமில்லை என்று நினைப்பவர்கள் அலுவலகங்களிலும் உண்டு. எந்த வருஷமும் அது வருவதற்கு 4 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். பத்து வருஷத்தைச் சேர்த்துப் பார்த்தால் மூன்றில் ஒன்று. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததைப் பார்த்த பிறகும், பழைய அளவிலேயே மதகுகளைத் திரும்பக் கட்டினால் யாரைக் குறை சொல்வது? வெள்ளம் நின்ற அடையாளங்கள் சுவர்களில் இன்னும் இருக்கும். சுண்ணாம்பு பூசுவதற்கு முன் போய் அளந்து, இடத்தோடு எழுதி வையுங்கள்.

உப்பும் ஒரு வாளித் தண்ணீரும்

கடற்கரை ஊரில் கொங்கிறீட்டைக் கொல்வது உப்பு. அது மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொடும், கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிறீட் உள்ளிருந்தே வெடிக்கும். இதைத் தடுப்பது கம்பிக்கு வெளியே இருக்கும் கொங்கிறீட்டின் தடிப்பும் அதன் இறுக்கமும்.

தடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடம் 50 மில்லிமீற்றர் கேட்கும். கொங்கிறீட் போடும் காலையில் போய்க் குனிந்து பார்த்தால், கம்பிக்குக் கீழே முக்கால் இஞ்சிச் சல்லி ஒன்றைச் சொருகி வைத்திருப்பார்கள். அது 20 மில்லிமீற்றர்தான். வைபிறேட்டர் பட்டதும் அதுவும் நழுவிவிடும், கம்பி பலகையோடு ஒட்டிப் படுத்துவிடும். பலகை கழற்றிப் பூச்சு முடிந்த பிறகு இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, ஏழெட்டு வருஷத்தில் அடிப்பக்கம் பொருக்காகக் கழன்று விழும்வரை. இதற்கு வேண்டியது ஒரு வாரத்துக்கு முன்னமே அதே தரக் கலவையில் வார்த்து, தண்ணீரில் போட்டு வைத்த 50 மில்லிமீற்றர் கட்டைகள். செலவு ஒன்றுமே இல்லை. கட்டை இல்லையென்றால் அன்றைக்குக் கொங்கிறீட்டும் இல்லை என்று நான் சொல்லத் தொடங்கியதில் சில மேசன்மார் என்னோடு கதைப்பதை நிறுத்தினார்கள். அப்புறம் பழகிவிட்டது.

இறுக்கத்தைக் கெடுப்பது தண்ணீர். சீமெந்தின் எடைக்குத் தண்ணீரின் எடை 0.45 விகிதம் என்றால், 50 கிலோ சீமெந்துப் பைக்கு இருபத்திரண்டரை லீற்றர், அதிலும் மணலில் ஏற்கெனவே உள்ள ஈரத்தைக் கழிக்க வேண்டும். கலவை இறுக்கமாக இருக்கிறது, இழுக்கக் கஷ்டம் என்று யாரோ ஒரு பத்து லீற்றர் வாளியைக் கவிழ்த்தால் விகிதம் 0.65 ஆகிவிடும். பிறகு எத்தனை கட்டை வைத்தும் உப்புக்குக் கதவு திறந்துதான் கிடக்கும். கலக்கும் தண்ணீரை ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்தக் கிணறு வேண்டாம், தண்ணீர் பவுசர் லொறி வரட்டும்.

கலப்புச் சீமெந்து தரம் குறைந்தது என்றொரு எண்ணம் இங்கே இன்னும் இருக்கிறது. நிலக்கரி மின்நிலையத்தில் மிஞ்சும் எரிசாம்பல் கலந்த சீமெந்து உப்பைத் தடுப்பதில் சாதாரணச் சீமெந்தைவிட நல்லது, ஆனால் மெதுவாக இறுகும். பலகையைப் பழைய கணக்கில் கழற்றினாலோ மூன்றாம் நாளே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாலோ அந்த நன்மை போய்விடும். கச்சான் அடிக்கும்போது மேற்பரப்பு ஒரு மணித்தியாலத்துக்குள் வெடிக்கத் தொடங்கும். பிற்பகல் நாலு மணிக்குப் பிறகு போடுங்கள், மேற்பரப்பு இறுகும்வரை பொலித்தீனால் மூடுங்கள், பிறகு ஈரச் சாக்கு, குறைந்தது பத்து நாள்.

யார் துப்புரவாக்குவது

கடைசிப் பிழை வேலை முடிந்த பிறகு. ரிப்பன் வெட்டி, பெயர்க்கல் திறந்து, படம் எடுத்துப் போய்விடுவார்கள். பழுது வந்தால் திருத்துவதற்கென்று பில்லில் தடுத்து வைத்த பணம் ஒரு வருஷத்தில் ஒப்பந்தக்காரருக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கானுக்குச் சொந்தக்காரர் இல்லை. பிரதேச சபையிடம் ஒப்படைத்த கடிதம் இருக்கிறதா, சபையின் பராமரிப்புப் பட்டியலில் கான் ஏறியிருக்கிறதா என்று வேலை தொடங்க முன்னமே கேளுங்கள்.

மூடியையும் பாருங்கள். 900க்கு 900, தடிப்பு 125 மில்லிமீற்றர் என்று வார்த்தால் ஒரு மூடி ஏறத்தாழ 240 கிலோ. நாலு பேர் சேர்ந்தும் திணறுவார்கள், அதனால் யாரும் தூக்கமாட்டார்கள், கானுக்குள் மண் நிரம்பிக்கொண்டே வரும். அதையே இரண்டாக வெட்டி வார்த்து, ஒவ்வொன்றிலும் கம்பி கொளுவ இரண்டு ஓட்டை விட்டால், சபையின் தொழிலாளிகள் நாலு பேர் கம்பியைக் கொளுவித் தூக்கிவிட்டு, செப்டெம்பர் கடைசிக்குள் மண்ணை அள்ளி முடித்துவிடுவார்கள்.