பழகிய கை செய்யும் தவறுகள்

வயர் கூடை, குரோஷா, பூத்தையல், ஓலைப் பெட்டி, சுடுமண் நகை என்று ஒன்று மாற்றி ஒன்று கற்றுக்கொண்டே போகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான். முதன்முதலாகக் கைவேலை தொடங்குபவர் பயந்து பயந்து செய்வார். நமக்கோ கை ஏற்கெனவே பழகியிருக்கும். முந்தைய வேலையின் பழக்கம் புதியதிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் இழுப்பு. வயர் கூடையில் முடிச்சை இறுக்க இறுக்கத்தான் கூடை நிமிர்ந்து நிற்கும். அதே கையோடு குரோஷா பின்னினால் கண்ணிக்குள் ஊசி நுழையாது, பின்னலும் அட்டை போல விறைத்துவிடும். ஒரு அளவு பெரிய ஊசியை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்குப் பின்னிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பூத்தையலில் நூலை இறுக்கினால், துணியை விறைப்பாகப் பிடித்திருக்கும் வட்ட ஃப்ரேமில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கழற்றியதும் பூவைச் சுற்றித் துணி சுருங்கிக்கொள்ளும். நூல் துணியில் படிந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும்.

அதிகச் சேதம் தண்ணீரால்தான். தறியில் இழுத்துப் பிடித்து நெய்த பருத்தி நூல், முதல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து சுருங்கும். அதனால் பிளவுஸ் லைனிங்கை நனைத்து, நன்றாகக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும்.

பனை ஓலை இதற்கு நேர் எதிர். காய்ந்த ஓலையை மடித்தால் பிளந்துவிடும். ஈரத்தோடுதான் முடைய வேண்டும். அதற்காகச் சொட்டச் சொட்ட முடைந்தால், காய்ந்ததும் ஓலை குறுகி இடைவெளி விழும். நனைத்த ஓலையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒவ்வொன்றாக உருவி எடுங்கள்.

மண் இன்னும் கறார். சீக்கிரம் காயட்டும் என்று பதக்கத்தை வெயிலில் வைத்தால், மேல்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். விளைவு, வளைசலும் விரிசலும். நிழலில் வைத்து, நடுநடுவே திருப்பிவிடுங்கள். சூளையில் வெடித்தால் காற்றுக்குமிழி மேல் பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் காரணம் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம்தான். 100 டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணை உடைக்கிறது. சுடுவதற்கு முன் பதக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். மெல்லிய தோடு காய்ந்துவிட்டதே என்று தடித்த பதக்கத்தையும் சேர்த்துச் சுடாதீர்கள்.

அடுத்தது நீளம். கூடையைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும் ரன்னிங் வயர் நீளமாக இருந்தால் வசதி. அந்த நினைப்பில் பூத்தையலுக்கும் நீள நூல் கோக்காதீர்கள். ஒவ்வொரு முறை துணிக்குள் போய்வரும்போதும் நூல் உராய்ந்து, பஞ்சு பிரிந்து, சிக்கு விழும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதாவது சுமார் 45 செ.மீ. போதும்.

குரோஷா நூலை வேலைக்கு மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். ஒரே நிறமானாலும் அடுத்த சாயத்தொகுதி, அதாவது வேறொரு தடவை சாயம் போட்ட நூல், கொஞ்சம் மாறித் தெரியும். லேபிளில் அந்தத் தொகுதியின் எண் இருக்கும்.

பாதியில் நிறுத்தும் வேலைக்கும் கவனம் வேண்டும். பூத்தையலை ஃப்ரேமோடு மாதக்கணக்கில் விட்டால் வட்டமாகத் தழும்பும் அழுக்கும் பிடிக்கும், கழற்றி வையுங்கள். குரோஷாவோடு ஊசி அளவை ஒரு சீட்டில் எழுதிப் போட்டு வையுங்கள்.